அரிக்காத வீக்கம்

அலர்ஜி பிரிவின் அறையில் நோயாளிக்கு ஒரு நாற்காலி, கூட வருபவருக்கு ஒரு நாற்காலி. அன்று மூன்று பேர் வந்தார்கள். நோயாளியின் நாற்காலியில் அவனுடைய அம்மா உட்கார்ந்தாள். இன்னொன்றில் அவன் உட்கார்ந்து மடியில் ஃபைலை வைத்துக்கொண்டான். அவன் மனைவி கதவோரம், எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

"இவ கையால சாப்பிட்டா என் பையனுக்கு வீங்குது. அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க" என்றாள் அம்மா.

டாக்டர் ஃபைலுக்காகக் கையை நீட்டினார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் அவருக்கு முள்ளு டாக்டர் என்று பெயர். நோயாளிகளின் கையில் வரிசையாகக் குத்திச் சோதிப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ்களைக் கேட்டால், அது ஊசியைப் பார்த்து வைத்ததல்ல, நாக்கைப் பார்த்து வைத்தது என்பார்கள்.

ஃபைலுக்குச் சொந்தக்காரன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்து நான்கு. நான்கு வருடமாக அவனுக்கு வீக்கம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கை பன் ரொட்டி மாதிரி ஊதிவிடும். ஒருநாள் உதடு. ஒருமுறை இடது கண் முழுதாக மூடி, இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தது. ஆறு டாக்டர்களைப் பார்த்திருந்தான். ஆறு பேரும் அலர்ஜி என்றார்கள். ஆளுக்கொரு பட்டியல் போட்டு, இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே என்றார்கள். அவன் எல்லாப் பட்டியலையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். பால், முட்டை, கோதுமை, தக்காளி என்று ஆரம்பித்து நாற்பத்தொரு பொருள். கடைசியில் வேறு கையெழுத்தில் 'வெளியாள் சமையல்' என்று ஒரு வரி இருந்தது.

யார் இந்த வெளியாள் என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் கதவோரம் நின்ற மனைவி. சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. கடைசி எட்டு மாதமாக அவன் தனக்குத் தானே சமைத்துக்கொண்டான். அடுப்படியில் அவன் பாத்திரங்கள் தனி அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்வதுபோல் ஒரே குரலில் சொன்னாள்.

"அப்படிப் பூட்டின பிறகும் வீங்கிச்சா?" என்று டாக்டர் அவனிடம் கேட்டார்.

ஐந்து தடவை வீங்கியது என்று அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் அதற்கும் காரணம் வைத்திருந்தான். அவள் துவைத்த துண்டாக இருக்கலாம். சோப்பில் எதையாவது கலந்திருக்கலாம். மனைவி அவனைப் பார்க்கவில்லை. எடைக் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீங்கும்போது அரிக்குமா?"

"இழுக்கும். உள்ள இருந்து யாரோ தோலைப் பிடிச்சு இழுக்குற மாதிரி."

"அரிக்குமான்னு கேட்டேன்."

அவன் யோசித்தான். நான்கு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "இல்ல" என்றான்.

தடிப்பு வருமா? வராது. எவ்வளவு நேரத்தில் வீங்கும்? காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முழுதாக ஆகும், வடிய மூன்று நாள். அவசரப் பிரிவில் மூன்று தடவை அட்ரினலின் போட்டார்களே, கேட்டதா? கேட்கவில்லை. அலர்ஜி வீக்கம் என்றால் அரிக்கும், தடிக்கும், நிமிடங்களில் ஏறும், அட்ரினலினுக்கு அடங்கும். இவனுக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் பட்டியலை உறையோடு மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். வேறு யாருக்காவது வீட்டில் இப்படி உண்டா என்று கேட்டார்.

"மூத்தவனுக்கு இருந்துச்சு. அவனையும் இப்படித்தான் ஒருத்தி முடிச்சா" என்றாள் அம்மா.

பிறகு அவள் சொன்ன கதை இது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பஸ் டிரைவராக இருந்த மூத்த மகனுக்கு அவன் பெண்டாட்டி மீன் சூப் வைத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் குரல் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அம்மா போலீசில் புகார் கொடுத்தாள். அவர்கள் மாதக்கணக்கில் விசாரித்து, வழக்கு எதுவும் போடாமல் விட்டார்கள். ஆனால் மீன் அலர்ஜி என்று பெரிய டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதுபோதும் அம்மாவுக்கு. ஆகாது என்று தெரிந்தே கொடுத்தாள் என்று சொல்லி, மருமகளையும் எட்டு வயதுப் பேத்தியையும் வீட்டைவிட்டு அனுப்பினாள்.

"மாமா சின்ன வயசுல இருந்து மீன் சாப்பிட்டவர்" என்றாள் மனைவி. "அன்னிக்குக் காலைல அவருக்குப் பல்லு பிடுங்கினாங்க. கன்னம் அப்பவே வீங்கி இருந்துச்சு. அதனாலதான் அக்கா சூப் வச்சாங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

"நான் கேக்கறேன்" என்றார் டாக்டர். அம்மாவின் பக்கம் திரும்பி, அவளுக்கு வீக்கமோ வயிற்று வலியோ வருவதுண்டா என்றார். அம்மாவின் முகம் கறுத்தது. அவளுக்கு ஒரு கேடும் கிடையாது என்றாள். வருடத்தில் இரண்டு மூன்று நாள் மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதையும், குடல்வால் என்று அறுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பியதையும் மனைவி சொன்னாள்.

"என் வயித்தை எதுக்குடி சபைக்கு இழுக்குற?"

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தோல் பரிசோதனை வேண்டாம் என்றார். அங்கேதான் மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு மாதம் காத்திருந்து, ஒருநாள் லீவு போட்டு, அறுபது குத்துக் குத்திக் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி வந்தவன் அவன். குத்தாமல் எப்படித் தெரியும் என்று கேட்டான். டாக்டர் எரிந்து விழுந்தார். அவனுக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை குத்திக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார். ரத்தம் கொடுத்துவிட்டு அவன் நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதி வைத்தான்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் மறுநாளே டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு குத்து குத்திவிட்டுப் போனால் என்ன, அவனும் திருப்தியாகப் போவானே என்று இதமாகத்தான் கேட்டார். டாக்டர் முடியாது என்றார். இல்லாத அலர்ஜிக்குக் குத்தினால் ஏதாவது ஒன்றில் லேசாகச் சிவக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டாவது பொருள் பட்டியலில் ஏறும். சரி, உங்கள் பிடிவாதம் உங்களோடு என்று கண்காணிப்பாளர் விளக்கக் கடிதம் கேட்டார். டாக்டர் நாலு வரியில் எழுதிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. உடம்பில் வீக்கத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும் ஒரு புரதம் அவனுக்குக் கால்பங்குகூட இல்லை. பிறவிக் குறை. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவது. அடி பட்டாலும், பல் பிடுங்கினாலும், மனசு கலங்கினாலும், சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் உடம்பில் எங்காவது வீங்கும். குடலில் வீங்கினால் வயிற்று வலி. தொண்டையில் வீங்கினால் மரணம். அட்ரினலினுக்கும் ஸ்டீராய்டுக்கும் அது மசியாது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டர் அவனுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுநாள் அம்மா எடுத்து, அவன் வேறு டாக்டரைப் பார்க்கிறான் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஃபைலில் இரண்டாவது எண் மனைவியுடையது. டாக்டர் அவளிடம் பேசினார். நாக்கோ தொண்டையோ வீங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும், இது அலர்ஜி இல்லை என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்றார். நான் சொன்னா யார் கேப்பாங்க, எழுத்துல அனுப்புங்க என்றாள் அவள். டாக்டர் அனுப்பினார். பிறகு மருந்தகத்தோடு ஒரு வாரம் சண்டை போட்டு, இந்த நோய்க்கென்றே உள்ள ஊசி மருந்தை வெளியூரிலிருந்து இரண்டு வரவழைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு நடுப்பகலில், லிஃப்ட் குழிக்குள் ஸ்பானர் நழுவி மெக்கானிக்கின் தாடையில் அடித்தது. இரண்டு மணிக்கு உதடு வீங்கியது. மூன்று மணிக்கு நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. கூட வேலை செய்தவன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தான். அம்மா வீட்டிலிருந்தும் மனைவி சலவை நிலையத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அவசரப் பிரிவின் நடைபாதையில் அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். காலையில் என்ன கொடுத்தாய், எதில் கலந்தாய் என்று கேட்டாள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அன்று சாப்பிட்டது அவனே கட்டிக்கொண்டு போன சோறு. அதைச் சொல்ல மனைவி நிற்கவில்லை. கையை உதறிவிட்டு உள்ளே போய், பணியில் இருந்த இளம் டாக்டரின் முகத்துக்கு நேரே, முள்ளு டாக்டர் எழுதி அனுப்பியதைத் திறந்து போனை நீட்டினாள். அவர் இரண்டாவது அட்ரினலினைப் போட்டுக்கொண்டிருந்தார். குடும்பச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனைத் தள்ளிவிட்டார். அவள் வெளியே வந்து அலர்ஜி பிரிவுக்குப் போன் போட்டாள்.

முள்ளு டாக்டர் லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி இறங்கி வந்தார். மருந்து கையிலேயே இருந்தது. மெக்கானிக் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். எச்சிலை விழுங்க முடியாமல் சட்டை நனைந்திருந்தது. டாக்டர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து ஊசியை மெல்ல ஏற்றினார். மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் செருகும் குழாயோடு தலைமாட்டில் தயாராக நின்றார். அம்மா உள்ளே புகுந்து டாக்டரின் கோட்டுக் கையைப் பற்றினாள்.

"என்ன மருந்து இது? இவ சொல்லித்தானே போடுறீங்க?"

டாக்டர் அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னார். காவலாளி வந்து கொண்டுபோனார். முதல் இருபது நிமிடம் எந்த மாற்றமும் இல்லை. இளம் டாக்டர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை முள்ளு டாக்டரைப் பார்த்தார். நாற்பதாவது நிமிடத்தில் மெக்கானிக் எச்சிலை விழுங்கினான். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கேட்டான். கேட்டது புரிந்தது.

மறுநாள் வார்டில், மூன்று பேரையும் வைத்துக்கொண்டு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. பட்டியலைக் கிழித்துப் போடலாம், எல்லாம் சாப்பிடலாம் என்றார். வீக்கம் மனைவி சமைத்ததால் வந்ததல்ல, ரத்தத்தில் வந்தது என்றார். அண்ணன் செத்ததும் மீனால் அல்ல, பல் பிடுங்கியதால் கிளம்பிய இதே வீக்கத்தால்தான் என்று தான் நினைப்பதாகச் சொன்னார்.

மெக்கானிக் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். நான்கு வருடமாகப் பால் விட்ட காபியைத் தொடாதவன் அவன். நோய் இன்னதென்று தெரிந்ததைவிட, இத்தனை நாள் விட்டதெல்லாம் வீண் என்று தெரிந்ததுதான் அவனை அதிகம் அடித்தது போலிருந்தது. டாக்டரைப் பார்த்து, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றான். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை என்றார் அவர்.

"அப்போ அந்தச் சிறுக்கிக்கு நல்லவள்னு பட்டம் கட்டப் போறீங்களா?" என்றாள் அம்மா.

"பட்டம் வேணாம் அத்தை" என்றாள் மனைவி. "மீன் அலர்ஜின்னு சீட்டு வந்த மூணாம் நாள் அக்காவைத் தெருவுல நிறுத்தினீங்க. பாப்பா ஸ்கூல் பையோட நின்னுச்சு. நானும் அப்போ வாயைத் திறக்கல. எனக்கும் அதே கதி வரும்னு பயந்தேன். வாயைத் திறக்காம இருந்தும் வந்துச்சு."

அம்மா டாக்டரிடம் திரும்பினாள். "என் ரத்தத்துல கெடுதல்னு சொல்றீங்களா?"

"உங்க ரத்தத்தைப் பாத்தா தெரியும்."

அவள் எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு டாக்டர் மெக்கானிக்கிடம், அண்ணன் மகளுக்குச் சோதனை செய்தாக வேண்டும் என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில்தான் அதிகமாகக் கிளம்பும். யாரிடமும் அவர்கள் எண் இல்லை. அண்ணி ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள் என்பது மட்டும் மனைவிக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கூட வருகிறாயா என்று அவன் கேட்டான்.

"போய் நிக்க வேண்டியது நீங்க" என்றாள் அவள்.

அடித்தளத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். செருப்பு தைப்பவர், சாவி வெட்டுபவர், போன் ரிப்பேர். கடைசியில் அண்ணியின் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, கம்பியில் சீட்டு குத்தித் தொங்கும் கால்சட்டைகள். அவள் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு பிரிப்பதைத் தொடர்ந்தாள். இன்னொரு மெஷினில் இருந்த பெண் அவனை வாடிக்கையாளர் என்று நினைத்து, என்ன திருத்தணும் என்று கேட்டாள்.

"அவர் எதையும் திருத்த வரல" என்றாள் அண்ணி.

அவன் அண்ணி என்றான். அந்த உறவெல்லாம் முடிந்துபோயிற்று, வந்த விஷயத்தைச் சொல்லுங்கள் என்றாள். அவனை எப்போதும் தம்பி, வா போ என்று பேசியவள் அவள். அவன் டாக்டரின் கடிதத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை. வாயால் சொல்லச் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தான்.

"சத்தமாச் சொல்லுங்க. உங்கம்மா என்னைச் சொன்னப்போ தெருவே கேட்டுச்சு."

சாவி வெட்டுபவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மெக்கானிக் நின்றபடியே சொன்னான். அண்ணனுக்கு இருந்தது பிறவி நோய், தனக்கும் அதுதான், மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அண்ணி மேல் எந்தத் தப்பும் இல்லை, பாப்பாவுக்கும் இருக்கலாம். சொல்லி முடிக்கும்போது அவனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. மன்னிச்சிடுங்க அண்ணி என்றான்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல உங்களைக் கேட்டாங்களே. 'அண்ணி எப்படிப்பட்டவங்க'ன்னு. என்ன சொன்னீங்க?"

அவன் கடிதத்தை நீட்டியபடியே நின்றான்.

"'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னீங்க. மூணு வருஷம் ஒரே வீட்ல என் கையால சாப்பிட்டுட்டு, தெரியாதுன்னு சொன்னீங்க. எனக்கு உங்கம்மா மேலகூட அவ்வளவு ஆத்திரம் இல்ல." அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து உருவினாள். "என் பொண்ணு விஷயம் நான் பாத்துக்கறேன். இனி இந்தப் பக்கம் வராதீங்க."

அந்த வெள்ளிக்கிழமையே அவள் மகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் மரியாதையாகத்தான் வரவேற்றார். உட்காரச் சொன்னார், பெண்ணிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதமாக அடிக்கடி வயிற்று வலி வருகிறது, பரீட்சை பயம் என்று பள்ளியில் சொன்னார்கள் என்று தெரிந்தது. ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதப்போனார்.

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பல தடவை மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்த நகல். "இது உங்க கையெழுத்துதானே?"

அவருடையதுதான். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. போலீசார் கேட்ட கருத்து. இரண்டே வரி. 'மீன் உட்கொண்ட ஒரு மணி நேரத்தில் தொண்டை வீக்கம். மீன் அலர்ஜியாக இருக்க வாய்ப்புண்டு.' பெரிய டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்று அந்தக் கிழவி சொன்னபோது, யார் அந்த டாக்டர் என்று அவர் கேட்கவே இல்லை. வருடத்துக்கு இப்படி முப்பது கடிதம் போகும். ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அவருக்கு எழுதிய நினைவு வரவில்லை. அதுதான் அவரை அதிகம் கூச வைத்தது.

"போலீஸ் அனுப்பின தாளுக்குப் பின்னாடி பல் டாக்டர் சீட்டும் வச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பாத்தீங்களா?"

"பாத்திருக்க மாட்டேன்."

"ஒரு தாளைத் திருப்பிப் பாக்க உங்களுக்கு நேரமில்ல. எனக்கு அஞ்சு வருஷம் போச்சு."

தப்பு என்னுடையது என்றார் டாக்டர். அது தனக்கு முன்னமே தெரியும், சொன்னது போதாது, எழுதிக் கொடுங்கள் என்றாள் அண்ணி.

கண்காணிப்பாளர் காதுக்கு விஷயம் போனதும் எழுதவே கூடாது என்றார். பழைய கருத்தைத் திரும்பப் பெற்றால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும், ஆஸ்பத்திரி பெயர் கெடும் என்றார். டாக்டர் கேட்டுக்கொண்டு தன் அறைக்கு வந்து எழுதினார். இறந்தவரின் தம்பிக்கு இப்போது உறுதியாகியிருக்கும் நோயையும், அன்று காலை பல் பிடுங்கியதையும், தான் அதைக் கவனிக்காமல் விட்டதையும் எழுதினார். மரணத்துக்கும் உணவுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்று முடித்தார்.

மறுநாள் வந்து வாங்கிய அண்ணி நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை மேசையில் வைத்தாள்.

"வாய்ப்பில்லைன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு வாய்ப்புண்டு, இன்னிக்கு வாய்ப்பில்ல. என் பேரை எங்கே போட்டிருக்கீங்க?"

டாக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். கடைசி வரியில் அவள் பெயரை முழுதாக எழுதி, கணவரின் மரணத்தில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை, அவள் கொடுத்த உணவு அதற்குக் காரணமல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி அதை ஊதி உலர்த்தி எடுத்துக்கொண்டு போனாள். நகல் எடுத்துக் காவல் நிலையத்துக்கு ஒன்று, கணவன் வேலை பார்த்த பஸ் டிப்போவுக்கு ஒன்று, மாமியார் வீட்டுத் தெருவில் பதினோரு வீட்டுக்கு ஆளுக்கொன்று என்று பதிவுத் தபாலில் அனுப்பியதாகப் பிறகு மெக்கானிக் சொன்னான். அம்மா மூன்று நாள் வாசல் கதவைத் திறக்கவில்லையாம்.

பெண்ணுக்கு நோய் இருப்பது உறுதியாயிற்று. அண்ணி அழவில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டாள். நர்ஸிடம்தான் கேட்டுக்கொண்டாள், டாக்டரிடம் அல்ல. மெக்கானிக் வரும் நாளில் தங்களுக்கு நேரம் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். ஒருமுறை தவறிப்போய் இருவருக்கும் ஒரே நாள் விழுந்தது. காத்திருக்கும் இடத்தில் அந்தப் பெண் அவனைப் பார்த்து, சித்தப்பாதானே அது என்று அம்மாவிடம் கேட்டாள். இல்லை என்றாள் அண்ணி.

மெக்கானிக் இப்போது எல்லாம் சாப்பிட்டான், ஆனால் ஓட்டலில். பூட்டிய அலமாரி திறந்துகிடந்தும் மனைவி தனக்கு மட்டுமே சமைத்தாள். அவன் ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, சோப்பு போட்டுக் கழுவின தட்டு, பாத்துச் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாளாம். இதை அவன் டாக்டரிடம் புகாராகத்தான் சொன்னான். அதற்கு என்னிடம் மருந்தில்லை என்றார் டாக்டர்.

இதற்கிடையில் ஒரு காலையில் அவன் அம்மா தனியாக வந்தாள். உட்காரவில்லை. கையை நீட்டி, எடுங்க என்றாள். முடிவு வாங்கவும் தனியாகவே வந்தாள். அவளுக்கும் அந்தப் புரதம் கால்பங்குதான். இத்தனை வருடத்து வயிற்று வலி அதனால்தான், இனி யாராவது அறுக்க வேண்டுமென்றால் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

"வீட்ல யாருக்கும் சொல்லக் கூடாது."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

"உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, டாக்டர் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வணக்கமோ விசாரிப்போ எதுவும் இல்லை. அண்ணியின் குரல்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாப்பாவுக்கு உதடு வீங்க ஆரம்பிச்சுது. நாலு பத்துக்கு ஊசி போட்டேன். அஞ்சேகாலுக்கு வடிய ஆரம்பிச்சுது. ராத்திரி சாப்பிட்டா. வேற ஒண்ணும் இல்ல. ஊசி ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, இன்னும் ரெண்டு வேணும்."

தொண்டை வரைக்கும் போனதா, நீங்கள் பயந்துபோயிருப்பீர்களே என்று டாக்டர் கேட்க ஆரம்பித்தார். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அவர் அந்தப் பெண்ணின் ஃபைலை எடுத்துவரச் சொல்லி, தேதியையும் இரண்டு நேரங்களையும் எழுதினார். மருந்தகத்துக்கு இரண்டு ஊசிக்குச் சீட்டுப் போட்டார். பிறகு முந்தைய தாளைத் திருப்பி, எழுதியதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி, தன் முறையா இல்லையா என்று தெரியாமல், முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டபடி காத்திருந்தார்.